ஆங்கிலம் ஆனர்ஸ் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு

சிபிஎஸ்இ பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து, ஜனக்புரியிலிருந்து, மயூர் விஹாரிலிருந்து, சில சமயம் அம்மாவின் மலை மந்திர் கோயில் சிநேகிதிகள் மூலமாக நொய்டாவிலிருந்தும்கூட. பேசுவது பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான், படிக்கப்போகிற பிள்ளை பின்னால் நின்று எதையோ முணுமுணுப்பது மட்டும் கேட்கும். "எம்மா, நீ இங்கிலீஷ் ஆனர்ஸ்தானே படிச்சே? எங்க பாப்பா அதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அதுல வேலை கிடைக்குமா? இல்ல, இங்கிலீஷாவது நல்லாப் பேச வருமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வராது. பி.ஏ.வில் ஆங்கில இலக்கியத்தையே பிரதான பாடமாகப் படிப்பதுதான் ஆனர்ஸ், பேசக் கற்றுக்கொடுப்பது அந்தப் படிப்பின் வேலையே இல்லை. ஏற்கெனவே நீச்சல் தெரிந்தவர்களை ஆழத்தில் இறக்கிவிடுகிற வகுப்பு அது. தெரியாதவர்கள் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னதும் போனின் அந்தப் பக்கம் ஒரு ஏமாற்றம் தெரியும். தெரிந்தால் நல்லதுதான். டெல்லியில் நம் ஆட்கள் வீட்டில் இந்தப் படிப்பைப் பற்றி நடக்கிற சண்டை எல்லாமே, எடு என்கிறவரும் சரி, எடுக்காதே என்கிறவரும் சரி, இது ஒரு மொழிப் பாடம் என்ற நினைப்பில் நடக்கிற சண்டை. என் அப்பாவும் அப்படித்தான் கேட்டார். மத்திய அரசு அலுவலகத்தில் எல்.டி.சி. என்கிற கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து ஃபைல்களோடு ஃபைலாக இருந்தவர், வாழ்நாள் முழுக்க நோட்டிங், டிராஃப்டிங் எல்லாம் ஆங்கிலத்திலேயே எழுதியவர். "இங்கிலீஷ்தான் உனக்கு வருதே, அப்புறம் எதுக்கு அதைப் போய் மூணு வருஷம் படிக்கணும்?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. பாடத்தின் பெயர் அப்படி.

அதனால் அதில் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். நான் 2016-ல் டெல்லி பல்கலைக்கழகத்தில், தெற்கு வளாகத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தேன். அப்போது சி.பி.சி.எஸ். என்கிற விருப்பப்பாட கிரெடிட் முறை. ஆறு செமஸ்டர், கட்டாயமான 14 கோர் பேப்பர், அதுபோக துறைக்குள்ளேயே விருப்பப் பாடமாக நாலு டிஎஸ்இ, வேறு துறைகளிலிருந்து நாலு ஜி.இ., இன்னும் சில்லறைகள். முதல் செமஸ்டரில் ஆங்கிலேயர் எழுதிய ஒரு வரிகூடக் கிடையாது. ஒரு பேப்பர் இந்தியச் செவ்விலக்கியம், இன்னொன்று ஐரோப்பியச் செவ்விலக்கியம். அதாவது காளிதாசன், சூத்ரகன், மகாபாரதத்தின் சூதாட்டம் ஒரு பக்கம், ஹோமரும் சோஃபக்ளிஸும் இன்னொரு பக்கம். எல்லாமே மொழிபெயர்ப்பில். அந்த இந்தியப் பட்டியலில் இளங்கோவடிகளும் இருந்தார். ஆர்.பார்த்தசாரதியின் ஆங்கிலத்தில் சிலப்பதிகாரம், அதிலும் வஞ்சிக் காண்டம் மட்டும்.

நான் டிடிஇஏ பள்ளியில் படித்தவள். டெல்லித் தமிழர்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்துகிற ஏழு பள்ளிகள், தலைநகரத்தில் தமிழைப் பாடமாகப் படிக்கக் கிடைத்த இடம். அங்கே சிலப்பதிகாரம் என்றால் மதுரைக் காண்டம்தான், அதிலும் வழக்குரை காதை. 'தேரா மன்னா செப்புவது உடையேன்' என்று ஆண்டு விழா மேடையில் சிலம்பை உடைக்காத பெண் எங்கள் பேட்சில் இல்லை. வஞ்சிக் காண்டம் என்று ஒன்று இருப்பது தெரியும், பரீட்சைக்கு மூன்று காண்டங்களின் பெயரை எழுதினால் போதும். கல்லூரியில் அதுதான் பாடம் என்றதும் எனக்கு ஒரே தெம்பு. வகுப்பில் ஒரே தமிழச்சி நான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது ஹரியானாவின் ரோத்தக் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் எழுந்து கேட்டான்: புருஷனைக் கொன்றது பாண்டியன், ஊரை எரித்தது அந்தப் பெண், பிறகு எதற்காகச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ராஜா ஒருவன் எங்கள் ஊர்ப் பக்கம் படையெடுத்து வந்து, எங்கள் ராஜாக்களைத் தோற்கடித்து, அவர்கள் தலையில் கல்லை ஏற்றிக்கொண்டு போகிறான்? வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி, எல்லோரும் யோசியுங்கள் என்றார். ஒரு பெண் கேட்ட நியாயம் எப்படி ஒரு அரசனின் வெற்றிக் கதையாக மாறுகிறது, கண்ணகியைத் தெய்வமாக்கியதில் யாருக்கு லாபம், சேரனுக்கா அவளுக்கா என்று அந்த வகுப்பு போனது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, எங்கள் வீட்டுப் பாட்டியைப் பற்றி யாரோ கேள்வி கேட்கிற மாதிரி. ஆனால் செங்குட்டுவனைப் பற்றி அப்படிக் கேட்கலாம் என்று அத்தனை வருடத் தமிழ் வகுப்பில் எனக்குத் தோன்றியதே இல்லை. தமிழ் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. மனப்பாடமாக வரிகள் என்னிடம் இருந்தது அவர்களால்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இது என்ன மாதிரிப் படிப்பு என்று எனக்குப் புரிந்தது. ஒரு நூலை ரசிக்கிற வேலை இல்லை. அதை உட்கார வைத்து விசாரிக்கிற வேலை.

சரி, இதைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். என் சித்தி மகள் அமெரிக்காவில் படித்தாள். அங்கே கல்லூரியில் சேரும்போது பாடத்தை முடிவு செய்ய வேண்டியதில்லை. முதல் ஒன்றிரண்டு வருடம் இதில் ஒன்று அதில் ஒன்று என்று எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் வருட முடிவு வாக்கில் 'மேஜர் டிக்ளேர்' செய்தால் போதும். அவள் பயாலஜி என்று போனாள், ஒரு கவிதை வகுப்பில் மாட்டிக்கொண்டாள், ஆலோசகரோடு உட்கார்ந்து பேசி ஆங்கிலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு துறை கேட்கிற பத்துப் பன்னிரண்டு கோர்ஸ்களை முடித்தால் பட்டம். அந்த ஊர்ப் பட்டப்படிப்பில் நான் பொறாமைப்படுகிற விஷயம் இது ஒன்றுதான். இங்கே 17 வயதில், கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே, ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பள்ளியில் அது பார்த்த ஆங்கிலப் பாடமோ வேறு ஜாதி: ஃபார்மல் லெட்டர், நோட்டீஸ், ரிப்போர்ட், இரண்டு மூன்று கதைகள். அதை வைத்து ஆனர்ஸ் பிடிக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் காலத்தில் கட்-ஆஃப் லிஸ்ட். ஜூன் கடைசியில் லிஸ்ட் வரும், பெரிய கல்லூரிகளில் ஆங்கிலம் 95 சதவீதத்துக்கு மேல் போய் நிற்கும், எந்தக் கல்லூரியில் எது கிடைக்கிறதோ அதுதான் நம் 'விருப்பம்'. பி.காம் ஆனர்ஸுக்கு அரை மார்க்கில் தவறியவர்கள் ஆங்கிலத்துக்கு வருவார்கள், ஆங்கிலத்துக்குத் தவறியவர்கள் பொலிடிகல் சயின்ஸுக்குப் போவார்கள். 2022-லிருந்து சி.யு.இ.டி. என்கிற பொது நுழைவுத் தேர்வு. சரியான விடைக்கு 5, தவறானதற்கு 1 கழிவு. பிறகு சி.எஸ்.ஏ.எஸ். என்கிற பல்கலைக்கழகச் சேர்க்கை போர்ட்டலில் கல்லூரியும் பாடமும் சேர்ந்த ஜோடிகளாக ஒரு நீண்ட பட்டியலை வரிசைப்படுத்த வேண்டும். இங்கேதான் வீட்டில் இருக்கிற பெரியவர்கள் கையை வைப்பார்கள். கல்லூரிப் பெயர் பெரிதாக இருந்தால் போதும், பாடம் எதுவானாலும் சரி என்று வரிசையை மாற்றுவார்கள். என்னைக் கேட்டால், ஆங்கிலம் என்று பிள்ளை தெளிவாக இருந்தால் நடுத்தரக் கல்லூரியில் ஆங்கிலம், பெரிய கல்லூரியில் பிடிக்காத பாடத்தைவிட எவ்வளவோ மேல். தெளிவு இல்லை என்றால் பி.ஏ. புரோகிராமில் ஆங்கிலத்தோடு இன்னொரு பாடம் சேர்த்து எடுக்கிற வழி இருக்கிறது. அதை மட்டமாக நினைக்கிற பழக்கத்தை விட வேண்டும். அப்புறம் ஒரு விஷயம்: சி.யு.இ.டி.யில் மொழித்தாள்களில் தமிழும் உண்டு. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழித்தாளையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கிற வழி டெல்லி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. டிடிஇஏ பிள்ளைகள் நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. அந்தந்த வருடச் சேர்க்கை புல்லட்டினைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி, யாரும் போனில் கேட்காத விஷயம். இந்தப் படிப்புக்கு வெளியில் தெரியாத ஒரு ஃபீஸ் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்த எனக்கு ஆங்கிலம் வாயில் மூன்றாவதாக வருகிற மொழி. எழுதுவேன், பேச யோசிப்பேன். என்னோடு உட்கார்ந்திருந்த சிலர் வீட்டில் நாய்க்குக்கூட ஆங்கிலத்தில்தான் கட்டளை. அவர்கள் பாடப்புத்தகத்தில் பாதியைப் பள்ளியிலேயே பொழுதுபோக்காகப் படித்துவிட்டவர்கள், அவர்கள் அப்பா அம்மாவுக்கும் அந்தப் பெயர்கள் தெரியும். பெரிய வகுப்பில் நான் பின்வரிசையில் தப்பித்துவிடலாம். ட்யூட்டில் முடியாது. ட்யூட்டோரியல் என்பது பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து ஆசிரியரோடு பேசுகிற சின்ன வகுப்பு, இந்தப் படிப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அங்கே வேகமாகப் பேசுகிறவர்கள் நன்றாக யோசிக்கிறவர்கள் மாதிரித் தெரிவார்கள். அது ஒரு பிரமை என்று தெரிய எனக்கு இரண்டு செமஸ்டர் ஆனது. அசைன்மென்ட் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன், அட்டகாசமாகப் பேசின சிலர் எழுத்தில் ஒரே விஷயத்தை மூன்று பக்கம் சுற்றிச் சுற்றி வந்திருந்தார்கள்.

எழுத்து என்றதும் அந்த மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ட்யூட்டில் எட்டு வரி, பத்து வரி என்று ஒரு சின்னத் துண்டைக் கொடுப்பார். ஒரு பக்கம் எழுத வேண்டும். நூலாசிரியரின் வாழ்க்கை வரலாறு கூடாது. 'மகத்தான', 'அழியாத', 'உலகப் பொதுவான' எல்லாம் கூடாது. இந்தப் பத்து வரிக்குள் என்ன நடக்கிறது, யார் பேசுகிறார்கள், யாரிடம், எந்த வார்த்தை உறுத்துகிறது, அது ஏன் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். முதலில் எனக்கு அரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை, அந்த அரைப் பக்கமும் கதைச் சுருக்கம். மூன்றாவது, நான்காவது துண்டில் ஏதோ பிடிபட்டது. இரண்டாம் செமஸ்டரில் சாஸர் வந்தார், பாத் நகரத்துப் பெண்மணியின் முன்னுரை. ஐந்து கல்யாணம் செய்துகொண்டவள், ஆறாவதுக்கும் தயார், வேத புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாதிரிகளையே வாதத்தில் மடக்குகிறாள். இடைக்கால ஆங்கிலம், அடிக்குறிப்பு இல்லாமல் ஒரு வரி நகராது. அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன், ஐந்து பேரில் மூன்று பேர் நல்லவர்கள், இரண்டு பேர் கெட்டவர்கள் என்று அவளே கணக்குச் சொல்கிறாள் என்றேன். "அஞ்சுல மூணா? பரவாயில்லையே" என்றாள் அம்மா. அந்தப் பெண்மணி 'நல்லவன்' என்று யாரைச் சொல்கிறாள், கிழவனாகவும் பணக்காரனாகவும் இருந்தவனைத்தானே, அப்படியென்றால் நல்லவன் என்றால் என்ன என்று நான் ஒரு பக்கம் எழுதினேன். அதுதான் எனக்கு முதலில் நல்ல மார்க் வாங்கித் தந்த பக்கம்.

பரீட்சையும் இதைத்தான் சோதிக்கும். எங்கள் காலத்தில் 75 மார்க் தாள், மூன்று மணி நேரம். துண்டுப் பகுதி ஒன்றைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள், பிறகு நீளக் கட்டுரைகள். மீதி 25 இன்டர்னல்: அசைன்மென்ட், டெஸ்ட், வருகைப்பதிவு. இந்தியில் குஞ்சி என்கிற கைடு புத்தகங்கள் எல்லாப் பேப்பருக்கும் கிடைக்கும், கட்டுரைக் கேள்விக்கு ஒப்பேற்றிவிடலாம், துண்டுக் கேள்வியில் குட்டு வெளிப்பட்டுவிடும். மூலத்தைப் படித்தவனா இல்லையா என்பது நாலு வரியில் தெரிந்துவிடுகிற படிப்பு இது. ஏதாவது பேப்பரில் ஃபெயிலானால் 'ஈ.ஆர்.' என்று மார்க் ஷீட்டில் வரும், எசென்ஷியல் ரிபீட். அடுத்த வருடம் அதே செமஸ்டரின் பரீட்சையோடு மறுபடி எழுத வேண்டும். உலகம் முடிந்துவிடாது, ஆனால் மூன்றாம் வருடத்தில் இரண்டு ஈ.ஆரைத் தூக்கிக்கொண்டு திரிவது கொடுமை.

புத்தகச் செலவைப் பற்றியும் கேட்பார்கள். மூலநூல்கள் பழைய புத்தகமாகக் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை தரியாகஞ்சில் பொறுக்கியவைதான் என்னிடம் பாதி. விமர்சனக் கட்டுரைகள்தான் கட்டுப்படியாகாது, ஒரு கட்டுரைக்காக ஒரு வெளிநாட்டுப் புத்தகம் வாங்க முடியுமா? எல்லோரும் ஜெராக்ஸ்தான். இதில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்திலிருந்த ராமேஷ்வரி ஃபோட்டோகாப்பி கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்று பதிப்பகங்களும் சேர்ந்து 2012-ல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. டிசம்பரில் டிவிஷன் பெஞ்ச் வழக்கை மறுபடி விசாரணைக்கு அனுப்பினாலும் பாடத்துக்காகத் தொகுத்து நகலெடுப்பதன் பக்கமே நின்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிவிட்டன. நான் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த சமயம். ஸ்பைரல் பைண்டிங் போட்ட என் கோர்ஸ் பேக் சட்டப்படி சரி என்று ஒரு நீதிபதி எழுதியிருக்கிறார் என்பது அப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தீர்ப்பை வாங்கி முழுக்கப் படித்தார், நான் படித்த பாடங்களில் எதையும் அவர் அப்படிப் படித்ததில்லை.

இரண்டாம் வருடத்தில் பாடம் சுவாரசியமாகும். எங்களுக்குப் பாப்புலர் லிட்டரேச்சர் என்று ஒரு பேப்பர் இருந்தது, அதில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதை பாடம். அதே பேப்பரில் கொழும்புத் தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவனைப் பற்றி ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதிய நாவலும் இருந்தது. 1983 கலவரத்தைப் பற்றி எங்கள் வகுப்பில் பலர் முதன்முதலாகக் கேட்டது அந்த நாவல் வழியாகத்தான். மற்றபடி பிரிட்டிஷ் இலக்கியம் நூற்றாண்டு நூற்றாண்டாக வரும். சில நூற்றாண்டுகள் ஓடும், சில நகரவே நகராது. பதினெட்டாம் நூற்றாண்டைப் பற்றி எனக்குச் சொல்ல நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

பாடத்திட்டத்தில் என்ன இருக்கும், எது போகும் என்பது இலக்கிய ருசி மட்டும் சம்பந்தப்பட்டது இல்லை. நான் முடித்த பிறகு, ஐந்தாம் செமஸ்டரின் பெண்ணெழுத்துப் பேப்பரில் தமிழ் தலித் எழுத்தாளர்கள் பாமாவும் சுகிர்தராணியும் இருந்தார்கள். 2021 ஆகஸ்டில் அவர்கள் இருவரையும், கூடவே வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையையும் எடுத்துவிட்டார்கள். அகாடமிக் கவுன்சிலில் 15 உறுப்பினர்கள் எதிர்ப்புக் குறிப்பு எழுதினார்கள், பத்திரிகைகளில் வந்தது, ஆனாலும் மாற்றம் நிறைவேறியது. வஞ்சிக் காண்டம் பாடமாக இருந்த இடத்தில் பாமா ஏன் பிழைக்கவில்லை என்று நம் டெல்லித் தமிழ்க் கூட்டங்களில் யாராவது பேசுவார்கள் என்று பார்த்தேன். நான் போன கூட்டங்களில் யாரும் பேசவில்லை. பொங்கல் விழாவில் சிலப்பதிகார நாட்டிய நாடகம் மட்டும் தவறாமல் நடக்கிறது.

முடிக்கிற கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஐந்தாவது, ஆறாவது செமஸ்டரில் பாதிப் பேர் வகுப்பில் இருக்க மாட்டார்கள். ஒருவர் எம்.பி.ஏ.வுக்கான கேட் (CAT) கோச்சிங், ஒருவர் ராஜிந்தர் நகரில் யு.பி.எஸ்.சி., ஒருவர் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு. வருகைப்பதிவு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதற்காகக் காலை முதல் வகுப்புக்கு மட்டும் தலை காட்டுவார்கள். வீட்டில் ஜாதகம் எடுக்க ஆரம்பித்திருப்பார்கள். நவீன ஐரோப்பிய நாடகம் அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் நடத்தப்படும்.

வேலை விஷயம். நேரே கிடைக்கிற வேலை என்று ஒன்று இல்லை, இதை மறைக்கக் கூடாது. ஆசிரியர் வேலைதான் மனதில் இருந்தால் பி.ஏ.வோடு பி.எட். வேண்டும், கேந்திரிய வித்யாலயாவில் பத்தாம் வகுப்பு வரை எடுக்கிற டி.ஜி.டி.க்கு அதோடு சி.டி.இ.டி. என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வும், பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கிற பி.ஜி.டி. என்றால் எம்.ஏ.வும். கல்லூரியில் சொல்லிக்கொடுக்க நெட் என்கிற தகுதித் தேர்வு. என் பேட்சில் சட்டம் படிக்கப் போனவர்கள்தான் இன்று நன்றாக இருக்கிறார்கள். நீளமான ஒன்றைப் படித்து அதில் எந்த வார்த்தை உறுத்துகிறது என்று கண்டுபிடிக்கிற பழக்கம் அங்கே நேரடியாகக் காசாகிறது. நான் பதிப்பகத்துக்குப் போனேன். டெல்லியில் அதற்குக் குறைவில்லை: அன்சாரி ரோடு, நொய்டா, குருகிராம் என்று தெருவுக்குத் தெரு. காப்பி எடிட்டர் வேலை, ஆரம்பச் சம்பளத்தைச் சொன்னால் அப்பாவின் சக ஊழியர்கள் பேச்சை மாற்றினார்கள். இப்போது பள்ளிப் பாடநூல்களை எடிட் செய்கிறேன், பரவாயில்லை, வாடகையும் ஈ.எம்.ஐ.யும் போகிறது. வீட்டில் உடனே சம்பளம் வந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால் பி.காம் எடுக்கச் சொல்கிற மாமாக்கள் சொல்வது சரி. நான் அவர்களோடு சண்டை போடுவதில்லை. ஆனால் உடனே வர வேண்டியதில்லை, பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறது, படித்ததைப் பற்றிச் சண்டை போடுகிறது என்றால் தடுக்காதீர்கள். பேசுகிற ஆங்கிலம் எப்படி இருந்தாலும் சரி.

கடைசியாக, புதுசாக வந்திருக்கிற நாலாம் வருடம். 2022-ல் சேர்ந்தவர்களிலிருந்து நான்கு வருடப் படிப்பு, மூன்று வருடத்தில் 132 கிரெடிட்டோடு ஆனர்ஸ் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம், நாலும் முடித்தால் 176. நாலாம் வருடம் இருந்தால் எம்.ஏ. ஒரு வருடம், இல்லாவிட்டால் இரண்டு, ஆக மொத்தம் அதே ஐந்துதான். நாலு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் எம்.ஏ. இல்லாமலே நெட் எழுதி பிஹெச்.டி.க்குப் போகலாம் என்று 2024-ல் யு.ஜி.சி. சொல்லிவிட்டது, வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்கவும் நாலு வருடம் உதவும். இந்த இரண்டும் தேவையில்லை என்றால் மூன்றில் வெளியே வந்துவிடுவதுதான் என் கட்சி, எம்.ஏ.வை வேறு ஊரில், வேறு ஆசிரியர்களிடம் படிக்கலாம். இருப்பதாக முடிவு செய்தால் டிசர்டேஷன், அதாவது ஆய்வேடு, எடுங்கள். தலைப்பைத் தேடுவதற்கு முன் ஆளைத் தேடுங்கள், உங்கள் அரைப் பக்கத்தைப் படித்துவிட்டுத் திட்டுகிற ஒருவர் துறையில் யார் என்று ஐந்தாம் செமஸ்டரிலேயே தெரிந்திருக்கும். அவர் ஏழாம் செமஸ்டரில் லீவில் போகிறாரா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.